ஓநாய்க்கு கணக்கு தெரியுமா?

வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் இருக்கிற ஜீவராசிகளில் பாதி இப்போது கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்கின்றன, தெரியுமோ? ஓநாய் இருக்கிறது. கழுதைப்புலி இருக்கிறது. வௌவால், யானை, காக்கை, குயில், மின்மினி எல்லாம் இருக்கின்றன. திமிங்கிலம்கூட இருக்கிறது (வண்டலூரில் இல்லை, கம்ப்யூட்டரில் மட்டும்). கோழிகூட விடுபடவில்லை ஸ்வாமி!

இவை எல்லாம் அல்காரிதங்கள். உடனே பயந்துபோய்ப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சினிமா பக்கம் எங்கேயும் ஓடிப்போய்விடாது. நான் படித்தது பி.காம். எனக்கே புரிந்த விஷயம் உங்களுக்குப் புரியாமல் போகாது.

புது வருஷ காலண்டர் கைக்கு வந்ததும் முதலில் என்ன பார்ப்பீர்கள்? ராசி பலனா? பொய் சொல்லக் கூடாது. எந்த வெள்ளிக்கிழமை ஒரு கேஷுவல் லீவு போட்டால் நாலு நாள் சேர்ந்தாற்போல் வரும் என்றுதானே? கைவசம் 12 லீவு. வருஷத்துக்கு 365 நாள். எங்கெங்கே வைத்தால் அதிக லாபம்? மேனேஜர் முறைக்காமல் இருக்க வேண்டும், மனைவியின் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு நாள் மிச்சமும் இருக்க வேண்டும். இந்தத் தேடலுக்குப் பெயர்தான் ஆப்டிமைசேஷன். கட்டுப்பாடுகளுக்குள் இருக்கிற வழிகளில் மிகச் சிறந்ததைக் கண்டுபிடிப்பது. அதைப் படிப்படியாகச் செய்கிற முறை அல்காரிதம். அவ்வளவுதான்.

இதில் மிருகங்கள் எப்படி வந்து புகுந்தன?

எனக்கு இந்த விவகாரம் தெரியவந்தது மணலூர்பேட்டையில். அக்காவை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கள்ளக்குறிச்சி மாவட்டம், தென்பெண்ணைக் கரை. தை மாதம் ஐந்தாம் தேதி திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே கிளம்பி இந்த ஊர் ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். அப்போது ஆற்று மணலில் கால் வைக்க இடம் இருக்காது. அக்கா மகன் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். போன தடவை போனபோது லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். திரையில் புள்ளிகள் கொசு மாதிரி பறந்து பறந்து ஒரே இடத்தில் போய் மொய்த்தன.

"இன்னாடா இது, வீடியோ கேமா?"

"இல்ல மாமா. ஓநாய். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்."

"ஓநாய் வெச்சு இன்னா பண்ணப் போற?"

"சாத்தனூர் டேமைத் தொறக்கப் போறேன் மாமா."

தூக்கிவாரிப் போட்டது. காரணம் இருக்கிறது.

ராத்திரி ரெண்டே முக்கால்

மணலூர்பேட்டைக்கு மேலே, அதே தென்பெண்ணையின் குறுக்கே, 1958-ல் கட்டி முடித்தது சாத்தனூர் அணை. முழு நீர்மட்டம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி, அதாவது ஏழே கால் டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேலே.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. போய்த் தொலைந்தது என்று நினைத்தால், உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அந்தத் தண்ணீரெல்லாம் சாத்தனூரை நோக்கி ஓடிவந்தது. டிசம்பர் 2 விடியற்காலை 2.45-க்கு அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிடப்பட்டது. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் கரையோரமெல்லாம் வெள்ளம். அணைக்குப் பக்கத்தில் திறப்பு விழா நடந்து சில மாதமே ஆன ஒரு பாலம் அடித்துக்கொண்டு போனது. போதுமான எச்சரிக்கை இல்லாமல் திறந்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் சொல்ல, ஒன்றுக்குப் பல முறை எச்சரித்தோம் என்று அரசு சொல்ல, சண்டை பல நாள் நடந்தது.

நமக்கு அரசியல் வேண்டாம். கணக்கு மட்டும் பார்ப்போம். விநாடிக்கு 1,68,000 கன அடி என்றால் ஒரு மணிக்கு 60 கோடியே 48 லட்சம் கன அடி. முழு அணையே இந்த வேகத்தில் 12 மணி நேரத்தில் காலி! இது சும்மா மனக்கணக்கு. நிஜத்தில் மேலேயிருந்து வந்துகொண்டே இருந்ததால் காலியாகவில்லை. கையில் இருக்கிற பாத்திரம் சின்னது, மேலே திறந்திருக்கிற குழாய் பெரிது என்பது புரிகிறதல்லவா?

அன்றைக்கு அக்கா குடும்பம் ஆற்றுப் பக்கமிருந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஆயாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு, மேட்டுத் தெரு உறவுக்காரர் வீட்டில் போய் விழுந்தது. பையன் அப்போதுதான் முடிவு பண்ணியிருக்கிறான், ப்ராஜெக்ட் இதுதான் என்று.

அணைக்காரர் பிரச்னையை யோசித்துப் பாருங்கள். முன்கூட்டியே திறந்து அணையைக் காலியாக வைத்தால் வெள்ளத்துக்கு இடம் இருக்கும். மழை பெய்யாமல் ஏமாற்றிவிட்டால் விவசாயி சண்டைக்கு வருவார். நிரப்பி வைத்தால் விவசாயிக்குச் சந்தோஷம். மழை அடித்துக்கொண்டு பெய்தால் கரையோரத்துக்காரன் கதி அதோகதி. ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு திறக்கலாம்? திறக்கும் அளவை 10 படியாகப் பிரித்தால், 24 மணி நேரத்துக்கு எத்தனை விதமாகத் திறக்கலாம் தெரியுமா? 1 போட்டு பக்கத்தில் 24 பூஜ்யம். விநாடிக்கு ஒரு கோடி வழிகளைப் பரிசோதிக்கிற கம்ப்யூட்டரை உட்கார வைத்தால், முடிக்க 300 கோடி வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பையன் ரிட்டயரே ஆகிவிடுவான்.

ஆகவே எல்லாவற்றையும் பார்க்க முடியாது. புத்திசாலித்தனமாகத் தேட வேண்டும். இங்கேதான் ஓநாய் ஊளையிடுகிறது.

ஆல்ஃபா மேனேஜர், ஒமேகா க்ளார்க்

2014-ல் செய்யதலி மிர்ஜலிலி, செய்யது முகமது மிர்ஜலிலி, ஆண்ட்ரூ லூயிஸ் என்ற மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 'சாம்பல் ஓநாய் ஆப்டிமைசர்' என்று பெயர். ஓநாய்க் கூட்டம் இரையைச் சுற்றி வளைத்து வேட்டையாடுகிற மாதிரி கம்ப்யூட்டரில் விடையைச் சுற்றி வளைப்பது. கட்டுரை ஓஹோவென்று ஓடியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

எப்படி வேலை செய்கிறது? 30 ஓநாய்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓநாயும் ஒரு முழு யோசனை. நம் அணைக் கதையில், 24 மணி நேரத்துக்கு எந்தெந்த மணியில் எவ்வளவு திறப்பது என்ற 24 எண்கள். முதலில் கண்ணை மூடிக்கொண்டு 30 யோசனைகளை இறைத்துவிட வேண்டியது. ஒவ்வொன்றுக்கும் மார்க் போட வேண்டியது. மட்டம் 119 அடியைத் தாண்டினால் மைனஸ் மார்க். ஊருக்குள் தண்ணீர் போனால் பெரிய மைனஸ் மார்க். பாசனத்துக்குத் தண்ணீர் மிஞ்சவில்லை என்றாலும் மைனஸ்.

முதல் மார்க் வாங்கிய ஓநாய் ஆல்ஃபா. இரண்டாவது பீட்டா. மூன்றாவது டெல்டா. மீதி 27 பேர் ஒமேகா. நம் ஆபீசில் மேனேஜர், அசிஸ்டென்ட் மேனேஜர், ஹெட் க்ளார்க், அப்புறம் நீங்களும் நானும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு ஒமேகாவும் என்ன செய்ய வேண்டும்? ஆல்ஃபா இங்கே வா என்கிறது. பீட்டா அங்கே வா என்கிறது. டெல்டா வேறெங்கோ கூப்பிடுகிறது. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, வருகிற இடத்தில் போய் நிற்க வேண்டியது! (சிரிக்காதீர்கள். மாசக் கடைசியில் நாம் பண்ணுவதும் இதேதான்.)

ஆரம்பச் சுற்றுகளில் ஓநாய்கள் தூரத் தூரமாய்ச் சுற்றலாம், இஷ்டத்துக்கு மேயலாம். சுற்று ஆக ஆகக் கயிறு இறுகும். கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் மொய்க்கும். அதுதான் விடை என்று அறிவிப்பார்கள். 30 ஓநாய், 500 சுற்று என்றால் 15,000 யோசனைகளைத்தான் பரிசோதித்திருப்பீர்கள். முந்நூறு கோடி வருஷ வேலை சில நிமிஷத்தில் முடிந்தது. பையன் கண்ணில் ஏன் அந்தப் பளபளப்பு என்று எனக்குப் புரிந்தது.

இந்த வரிசையில் முதல்வர் ஓநாய் அல்ல. 1992-ல் மார்கோ டோரிகோ என்ற இத்தாலியர் மிலான் நகரில் தன் டாக்டர் பட்ட ஆய்வில் எறும்பைக் கொண்டுவந்தார். எறும்பு போன வழியில் வாசனை விட்டுப் போகும், குறுக்கு வழியில் வாசனை சீக்கிரம் சேரும், மற்ற எறும்புகளும் அதிலேயே போகும். இதை வைத்துக் குறுகிய பாதை கண்டுபிடிக்கிற முறை. 1995-ல் ஜேம்ஸ் கென்னடி என்ற சமூக உளவியல்காரரும் ரஸ்ஸல் எபர்ஹார்ட் என்ற மின் பொறியாளரும் பறவைக் கூட்டத்தைப் பார்த்து 'துகள் கூட்ட' முறையைத் தந்தார்கள். இரண்டும் உருப்படியான சரக்கு. இன்றைக்கும் பயன்படுகின்றன.

அதற்குப் பிறகுதான் காட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள். 2016-ல் திமிங்கிலம். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் சேர்ந்து நீருக்கடியில் வளையமாகக் குமிழி விட்டு மீன்களை வளைக்குமாம், அதை வைத்து ஒன்று. 2017-ல் பஞ்சாப் பாட்டியாலாவிலிருந்து நம் நாட்டுக்காரர்கள் இருவர் கழுதைப்புலியை அவிழ்த்து விட்டார்கள். 2019-ல் கூட்டமாக முயல் வேட்டையாடுகிற ஹாரிஸ் பருந்து. சூரத்திலிருந்து ஆர். வெங்கட ராவ் குழு 2011-ல் மிருகமே வேண்டாம் என்று வாத்தியாரையும் மாணவர்களையும் வைத்து ஒரு முறை செய்தது. வகுப்பறையும் ஒருவிதக் காடுதானே என்று நினைத்தார்களோ என்னவோ!

வண்டலூர் கம்பியும் பாசல் கம்பியும்

சரி, நிஜ ஓநாய் இப்படியா வேட்டையாடுகிறது? ஆல்ஃபா, பீட்டா கதை எங்கேயிருந்து வந்தது?

1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர், பாசல் மிருகக்காட்சி சாலையில் அடைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து எழுதினார். யார் பெரியவன் என்று அவை ஓயாமல் சண்டை போட்டன. 1970-ல் டேவிட் மீச் என்ற அமெரிக்கர் தன் ஓநாய்ப் புத்தகத்தில் இந்த 'ஆல்ஃபா' கருத்தையும் சேர்த்தார். புத்தகம் பிரபலமாயிற்று. மேனேஜ்மென்ட் குருக்கள் உட்பட ஆளாளுக்கு 'ஆல்ஃபா ஆண்' என்று பேச ஆரம்பித்தார்கள்.

அப்புறம் மீச் காட்டுக்குள் போய் வருஷக்கணக்கில் சுதந்திர ஓநாய்களைப் பார்த்தார். அங்கே கூட்டம் என்பது ஒரு குடும்பம். அப்பா, அம்மா, குட்டிகள். 'ஆல்ஃபா' என்பது அப்பா அம்மாதான்! பதவிச் சண்டை போட்டு ஜெயித்த தாதா யாரும் இல்லை. முன்பின் தெரியாத ஓநாய்களை ஒரே கூண்டில் அடைத்தால் சண்டை போடாமல் சகஸ்ரநாமமா சொல்லும்? 1999-ல் மீச் இதைக் கட்டுரையாகவே எழுதினார். தன் பழைய புத்தகத்தை அச்சடிக்காதீர்கள் என்று பதிப்பாளரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அது நின்றது 2022-ல்.

ஆக, ஓநாய் நிபுணரே வாபஸ் வாங்கிப் பதினைந்து வருஷம் கழித்து, அதே ஆல்ஃபா-பீட்டா-டெல்டாவை வைத்து அல்காரிதம் வந்திருக்கிறது. நான் ஓநாயைப் பார்த்தது வண்டலூர் கம்பிக்கு வெளியே நின்று. இந்த அல்காரிதத்தின் ஓநாயும் கம்பிக்கு உள்ளேயிருந்து வந்ததுதான்.

கூட்ட வேட்டையின் சூட்சுமத்தைப் பார்க்க அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். நாங்குநேரிக்காரர் ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசியில் கல்லூரி விரிவுரையாளராக இருந்தவர். 1976-78-ல் பந்திப்பூர் காட்டில் செந்நாய்களின் பின்னால் நடந்தே அலைந்து ஆராய்ந்தார். 2024-ல் காலமானார். செந்நாய் உருவத்தில் நம் தெருநாய் அளவுதான். ஆனால் கூட்டமாகச் சேர்ந்தால் தன்னைவிடப் பல மடங்கு பெரிய கடமானைச் சாய்க்கும். ஜான்சிங் பார்த்த வேட்டை வகைகளில் ஒன்று இது: சில செந்நாய்கள் புதருக்குள் புகுந்து கலைக்கும். சில, புதர் முடிகிற ஓரத்தில் போய்க் காத்து நிற்கும். மான் எந்தப் பக்கமாய் வெளியே பாயும் என்பதுதான் அவற்றின் கணக்கு.

கவனித்தீர்களா? எல்லோரும் தலைவர் பக்கம் ஓடவில்லை. வெளியே வருகிற வழியில் ஆள் நிறுத்தியிருக்கிறார்கள். கூட்டி மூன்றால் வகுக்கிற ஓநாய்ச் சூத்திரத்தில் இந்த ஆள் கிடையாது.

பையனிடம் இதைச் சொன்னேன். "மாமா, மிருகம் தப்புன்னா இன்னா? விடை கரெக்டா வந்தா போதாதா?" என்றான். நியாயமான கேள்வி. பெயரில் என்ன இருக்கிறது? மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்கு யார் பெயர் வைத்தாலும் சாம்பார் சாம்பார்தான். விடை கரெக்டா என்பதுதானே முக்கியம்?

அதையும் பார்த்துவிட்டான்.

பூஜ்யத்தின் மீது காதல்

ஓநாய்ச் சூத்திரத்தில் ஒரு சின்ன இடம். ஒமேகா ஓநாய் தலைவர் நிற்கிற இடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாது. 0-விலிருந்து 2-க்குள் ஒரு குலுக்கல் எண்ணால் பெருக்கிக்கொள்ளும். தலைவர் 100-ல் நின்றால், இது ஒரு தடவை 60 என்று நினைக்கும், இன்னொரு தடவை 170 என்று நினைக்கும். அந்தத் தடுமாற்றம் இருந்தால்தான் புது இடங்களைத் தேடும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள்.

தலைவர் 0-வில் நின்றால்? பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம். தடுமாற்றமே இல்லை! கூட்டம் சொர்க்கத்துக்குப் போகிற மாதிரி நேரே வந்து மொய்த்துவிடும். ஆக இந்த ஓநாய்க்குப் பூஜ்யத்தின் மீது ஒரு தனிக் காதல். இந்த முறைகளைப் பரீட்சை பண்ண வழக்கமாக வைத்திருக்கிற கணக்குகள் பலவற்றில் சரியான விடை எது தெரியுமா? பூஜ்யம்! பரீட்சைக்கு முன்பே கேள்வித்தாள் அவுட். ஓநாய் நூற்றுக்கு நூறு வாங்கியதில் என்ன அதிசயம்? 2019-ல் சீன ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கோளாறை மட்டுமே வைத்து ஒரு கட்டுரை எழுதிவிட்டார்கள்.

பையன் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. அணைக் கணக்கை ஒரு தடவை 'எவ்வளவு திறந்திருக்கிறோம்' என்று எழுதினான். அதே கணக்கை இன்னொரு தடவை 'எவ்வளவு மூடியிருக்கிறோம்' என்று எழுதினான். அணை ஒன்று, மழை ஒன்று, விதி ஒன்று. இரண்டு விடையும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இருக்கவில்லை. முதல் கணக்கில் ஓநாய் ஷட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மூடச் சொன்னது. இரண்டாவதில் கூடுதலாகத் திறக்கச் சொன்னது. இரண்டு தடவையும் பூஜ்யத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது.

எனக்கு பி.காம். முதல் வருஷ ட்ரையல் பேலன்ஸ் ஞாபகம் வந்தது. பற்று வைத்தாலும் வரவு வைத்தாலும் கடைசியில் டாலி ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் எங்கோ கோளாறு. லீவு கணக்கில் இப்படி ஒரு கோளாறு வந்தால் ஒரு நாள் சம்பளம் போகும். அணை ஷட்டரில் வந்தால்?

கூட இருந்து கேட்டுக்கொண்டிருந்த ஆயா கேட்டாள்: "அந்த ஓநாய்க்கு மழ வரப் போறது தெரியுமாடா?"

"வந்த மழய நாம சொன்னா அதுக்குக் கணக்கு போடும் ஆயா."

"வந்தப்புறம் கணக்கு எனக்கும் தெரியுமே!"

ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. கேள்வி மட்டும் நெற்றிப்பொட்டில் அடித்தது. பையன் தன் கணக்கில் 2024 டிசம்பர் மழையை மணிவாரியாக, முழுசாகக் கொடுத்துவிட்டுத்தான் தேடியிருந்தான். அன்றைய ராத்திரி அணையில் இருந்தவர்களுக்கு அந்தப் பட்டியல் கையில் இல்லை. ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டும் என்று முன்னாலேயே யார் உறுதியாகச் சொல்ல முடிந்தது? அதற்குப் புதர் ஓரத்தில் காத்து நிற்கிற செந்நாய்தான் வேண்டும். மேலே மழைமானி, ஆற்றில் மட்டமானி, கீழே ஊரில் ஆளை எழுப்புகிற சங்கு. அது இல்லாமல் எந்த அல்காரிதமும் முந்தாநாள் மழைக்குத்தான் குடை பிடிக்கும்.

300 கோடி வருஷம் வேண்டாம், 24,000 போதும்

இன்னொரு விஷயம். நான் மேலே 24 பூஜ்யம் போட்டு உங்களைப் பயமுறுத்தினேன் அல்லவா? அதற்கு ஓநாயே தேவையில்லை என்கிறது பழைய வைத்தியம்.

ரிச்சர்ட் பெல்மன் என்ற அமெரிக்கக் கணித மேதை 1957-ல் புத்தகமாகப் போட்ட முறை அது. 'டைனமிக் ப்ரோக்ராமிங்' என்று பெயர். கடைசி மணியிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். கடைசி மணியில் அணை மட்டம் இவ்வளவு இருந்தால் சிறந்த திறப்பு எது? எழுதி வைத்துக்கொள். அதற்கு முந்தைய மணியில்? ஏற்கெனவே எழுதியதைப் பார்த்துப் போடு. அணை மட்டத்தை 100 படியாகவும் திறப்பை 10 படியாகவும் வைத்தால், 24 மணிக்கு 24 x 100 x 10, ஆக 24,000 பரிசோதனை. முடிந்தது கதை! ஓநாய் 15,000 யோசனை பார்த்தது, ஒவ்வொன்றிலும் 24 மணிக் கணக்கு, ஆக மூன்று லட்சத்து அறுபதாயிரம். பெல்மன் முறை அதைவிடக் குறைச்சல். இன்னும் முக்கியம், வைத்த படிகளுக்குள் இதைவிடச் சிறந்தது கிடையாது என்று கையெழுத்துப் போட்டுத் தரும். ஓநாய் தராது. அது 'எனக்குத் தெரிஞ்சு இதுதான் சார்' என்று மட்டும் சொல்லும்.

ஓநாய்க் கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு. ஒரே அணைக்கு பெல்மன் ராஜா. ஒரே ஆற்றில் ஐந்து அணையைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், மட்டங்களின் சேர்க்கை மட்டும் ஒவ்வொரு மணிக்கும் ஆயிரம் கோடி ஆகிவிடும். பெல்மனே இதைச் சாபம் என்றுதான் சொன்னார். அப்படிப்பட்ட இடத்தில் எறும்பும் பறவையும் உதவுகின்றன. குறைந்த நேரத்தில், சிறந்தது இல்லாவிட்டாலும் நல்லதாக ஒரு விடை தரும். வோல்பெர்ட், மக்ரெடி என்ற இருவர் 1997-லேயே நிரூபித்துவிட்டார்கள்: சாத்தியமான எல்லாக் கணக்குகளையும் சராசரி எடுத்தால் எந்தத் தேடல் முறையும் மற்றதைவிட உசத்தி இல்லை. அந்தத் தேற்றத்துக்குப் பெயரே 'இலவசச் சாப்பாடு கிடையாது'! உன் கணக்கின் குணத்தைப் புரிந்துகொண்டால்தான் ஜெயிக்கலாம். மிருகத்தின் குணத்தைப் புரிந்துகொண்டு அல்ல.

2023-ல் மூன்று பேர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்களில் ஒருவர் எறும்பைக் கொண்டுவந்த அதே மார்கோ டோரிகோ. ஓநாய், விட்டில், திமிங்கிலம், மின்மினி, வௌவால், குழிநரிப் பூச்சி ஆகிய ஆறு முறைகளையும் தோலுரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த பழைய யோசனைகள்தான், புதிதாக வந்தது மிருகத்தின் பெயர் மட்டும் என்று எழுதினார்கள். பழைய பாட்டுக்குப் புது பீட் போட்டு ரீமிக்ஸ் விடுகிற மாதிரி!

நீர்க்காகம் பிழைத்தது

பையனுக்கு ஒரு தர்மசங்கடம் வந்தது. கல்லூரியில் ப்ராஜெக்ட் கைடு ஒரு யோசனை சொல்லியிருந்தார். புதுசாக ஒரு மிருகத்தைப் பிடி, அதன் பெயரில் சூத்திரத்தை லேசாக மாற்று, பத்திரிகையில் போடலாம், வேலைக்குப் போகும்போது பயோடேட்டாவில் ஜொலிக்கும் என்று. பயலும் ஏரியில் நீர்க்காகங்கள் கூட்டமாய் முங்கி மீனைக் கலைப்பதையும், கரையோரத்தில் கொக்குகள் நின்று பொறுக்குவதையும் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தான். 'நீர்க்காக வேட்டை அல்காரிதம்' என்று தலைப்புகூட டைப் அடித்தாயிற்று.

அக்கா மாப்பிள்ளைக்குச் சம்பளம் சுமார்தான். பையனுக்குக் கேம்பஸில் வேலை கிடைத்தே ஆக வேண்டும். ஒரு கட்டுரை வந்தால் நல்லதுதான். "போட்டுடேன், யாருக்கு நஷ்டம்?" என்றாள் அக்கா. அவன் ரெண்டு நாள் யோசித்தான். அப்புறம் நீர்க்காகத்தை அழித்துவிட்டு ஓநாய், துகள் கூட்டம், பெல்மன் மூன்றையும் ஒரே அணைக் கணக்கில் ஓடவிட்டு, திறப்பு-மூடல் சோதனையில் எது டாலி ஆயிற்று, எது ஆகவில்லை என்று அட்டவணை போட்டான். கடைசி அத்தியாயத்தில் ஆயாவின் கேள்விக்கென்று தனியாக ரெண்டு பக்கம்: மழையைப் பாதி தப்பாகச் சொன்னால் மூன்று முறைகளும் எப்படித் தடுமாறுகின்றன என்று. மழையைத் தப்பாகச் சொன்னதால் வந்த நஷ்டத்துக்கு முன்னால், முறைகளுக்கு நடுவே இருந்த வித்தியாசம் சுண்டைக்காய்.

உங்கள் ஆபீசுக்கும் ஒருநாள் யாராவது டை கட்டிக்கொண்டு வந்து, 'சார், எங்க சாஃப்ட்வேர் ஓநாய் மூளையில ஓடுது' என்று டெமோ காட்டக்கூடும். மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, எண்களை இடம் மாற்றி எழுதினாலும் இதே விடை வருமா? இரண்டு, மிருகம் இல்லாத பழைய முறையோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? மூன்று, நான் கொடுக்கிற தகவலே தப்பாக இருந்தால் என்ன ஆகும்? ஆசாமி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தால் டீ வாங்கிக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவையுங்கள்.

வைவா அன்றைக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் தலைப்பைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வியே, "இதுல உன் புது மிருகம் எதுப்பா?" என்பதுதானாம்.

"எதுவும் இல்ல சார்."

எக்ஸாமினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு வௌவால், இரண்டு திமிங்கிலம், ஒரு யானைக் கூட்டம் பார்த்துக் களைத்துப் போயிருந்தார். "உக்காருப்பா" என்று சொல்லி, அட்டவணையை வரி வரியாகப் படித்தாராம், முக்கால் மணி நேரம்.

மார்க்? நல்லாவே போட்டிருக்கிறார். வேலை இன்னும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறான். ஓநாய் இல்லாமல்தான்.